பத்து நிமிடத்துக்கு மேல் பேசிய குற்றம்

எங்கள் கிர்கிஸ் மலைக் கிராமமான ஆக்-தோபோவின் மேல்நிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கிய அன்று, கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னால், கடைசி வகுப்பான பதினோராம் வகுப்புக்கு மிச்சமிருந்தவை பதினான்கு கணக்குப் பாடவேளைகள். கணக்கு ஆசிரியை துர்குனாய் காலண்டரில் விரலை வைத்து அவற்றை மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

மடக்கை, அதாவது லாகரிதம், என்று ஒரு பாடம் அப்படியே பாக்கி. தேர்வில் அதிலிருந்து நிச்சயம் நாலைந்து கேள்வி வரும். வகுப்பில் மொத்தம் ஏழு பிள்ளைகள். அதில் சிர்கா என்ற பெண் மருத்துவக் கல்லூரியில் அரசு இடம் வாங்கக்கூடியவள். வாங்காவிட்டால் ஜூன் மாதம் மாஸ்கோவுக்குப் போய்ப் பெரியம்மாவோடு ஓட்டலில் தட்டுக் கழுவ வேண்டும். அவள் அப்பா டிக்கெட்கூட விசாரித்து வைத்துவிட்டார். அந்த நாலைந்து கேள்விகளுக்காகத்தான் துர்குனாய் வேளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எஜே, சீக்கிரம் வாங்க!" என்று தலைமையாசிரியர் ஓர்மோன்பெக் மூச்சிரைக்க வந்து நின்றார். எஜே என்றால் எங்கள் ஊரில் அக்கா. வகுப்பெடுக்கும் பெண்கள் எல்லோரும் ஊருக்கே எஜேதான், ஆண்கள் அகாய். "போர்டு வந்துருச்சு! எல்லா வகுப்பையும் விட்டுடுங்க!"

"அகாய், எனக்கு இப்ப பதினோராம் கிளாஸ்."

"அந்தப் பிள்ளைங்களுக்குத்தானே போர்டே வந்திருக்கு? அதுங்க பார்க்க வேணாமா?"

போர்டு நான்கு சக்கரங்களில் நின்றது. வழவழவென்று கண்ணைப் பறித்தது. ஓர்மோன்பெக் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு, இவ்வளவு பெரிய பொருளைச் சடங்கு இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்றார். குழந்தை முதலடி வைக்கும்போது எங்கள் ஊரில் அதன் கால் இரண்டையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, ஓட்டப் பந்தயம் வைத்து, முதலில் வருபவர் கையால் கயிற்றை அறுப்போம். அப்போதுதான் அது வாழ்க்கையில் தடுக்கி விழாமல் நடக்கும். இதுவும் நடக்கப் போகிற பொருள்தானே, நவீனக் கல்வியின் முதலடிதானே என்று அவர் கேட்டார்.

ஆக, போர்டின் முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். ஆசிரியர்கள் நடைக்கூடத்தில் ஓடினார்கள். வேதியியல் எஜேக்குக் கணுக்கால் பிசகியது. விளையாட்டு ஆசிரியர் முதலில் வந்து கத்தியால் கயிற்றை அறுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பள்ளியின் தரை இருபது வருடமாக ஆற்றுப் பக்கம் சாய்ந்திருப்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை. கட்டவிழ்ந்த போர்டு முதலில் மெதுவாகவும் பிறகு நல்ல வேகத்திலும் நடைக்கூடம் முழுக்க ஓடி, கரி அறையின் கதவில் போய் முட்டிக்கொண்டுதான் நின்றது.

"பாத்தீங்களா, எப்படி நடக்குதுன்னு!" என்றார் ஓர்மோன்பெக். அறுத்த கயிற்றையே முடிச்சுப் போட்டு, பதினோராம் வகுப்பின் கரும்பலகைக்கு முன்னால் போர்டை நிறுத்தி, ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினார்கள்.

மிச்சம் பதின்மூன்று வேளைகள்.

அடுத்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கெரிம் ஜூசூபோவிச் வந்தார். செயல்வழிக் கற்றல் பிரிவின் தலைவர். நல்ல கம்பளிக் கோட்டு, தணிந்த குரல், தன் பேச்சைத் தானே ரசிக்கிற முகம். கூடவே நாசிரா என்ற பருத்த அம்மாள், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் மாட்டிக்கொண்டு. முன்பு அவர் ஓட்டப் பந்தயப் பயிற்சியாளராக இருந்தாராம். இரண்டு நாள் பயிற்சி. இரண்டும் கணக்கு வேளையில்.

"அன்பான சக ஊழியர்களே," என்று கெரிம் ஜூசூபோவிச் தொடங்கினார். "ஆசிரியர் பேசுவதுதான் இத்தனை காலமாகக் கல்விக்குப் பெரிய தடையாக இருந்திருக்கிறது. ஆசிரியர் பேசினால் மாணவன் தூங்குகிறான். இதைப் பற்றி நான் ஒவ்வொரு ஊரிலும் மூன்று மணி நேரம் பேசுகிறேன். இதுவரை ஒருவர்கூடக் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதில்லை."

உண்மைதான். பின்வரிசையில் உயிரியல் ஆசிரியர் குறட்டையே விட ஆரம்பித்திருந்தார்.

விதி இதுதான்: நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஆசிரியர் பத்து நிமிடம் மட்டுமே பேசலாம். நாசிரா எஜே ஸ்டாப் வாட்ச் பிடிப்பார். மற்ற முப்பத்தைந்து நிமிடமும் மாணவர்களே பாடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மாதம் ஆக்-தோபோவில் ஒரு திறந்த வகுப்பு. மேலிடத்துக் குழு வந்து உட்கார்ந்து பார்க்கும்.

துர்குனாய் எழுந்தாள். "ஐயா, அவங்க கண்டுபிடிக்கலேன்னா?"

"அதெப்படிம்மா கண்டுபிடிக்காம போவாங்க?" கெரிம் ஜூசூபோவிச் முகத்தில் நிஜமான வியப்பு. "அதுக்குத்தானே ஒத்திகை?"

மிச்சம் பதினொன்று.

மடக்கையைத் திறந்த வகுப்பில் வைக்க ஓர்மோன்பெக் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பிள்ளைங்களுக்குத் தெரியாதே எஜே! தெரியாத பாடத்த எப்படிக் கண்டுபிடிப்பாங்க? தெரிஞ்சத வைங்க." எட்டாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணம் தேர்வானது. மூன்றும் நான்கும் பக்கங்கள்; கர்ணம் ஐந்து. மூன்று வருடம் முன்பே எல்லோருக்கும் மனப்பாடமான அதை மே மாதம் பத்தாம் தேதி பதினோராம் வகுப்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் விதியைக் கண்டுபிடித்து "ஆஹா!" என்று கத்தும் பொறுப்பு பாகஸுக்கு. பாகஸ் தலைமையாசிரியரின் அக்கா மகன். நல்ல பையன், நல்ல குரல், படிப்பு மட்டும் ஏறாது. புதிய முறையில் தவறுகளையும் வரவேற்க வேண்டும் என்பதால் பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு தவறும் தேவைப்பட்டது. மூன்றையும் நான்கையும் கூட்டி "ஏழு" என்று சொல்ல வேண்டும். அதைச் சிர்காவிடம் கொடுத்தார்கள். தவறைச் சரியாக, சொன்ன நேரத்துக்குச் செய்ய அந்த வகுப்பில் அவளை விட்டால் ஆள் இல்லை.

ஒத்திகையில் பாகஸின் "ஆஹா" யாருக்கும் திருப்தியாக இல்லை.

"டேய், பல்லு புடுங்கினவன் மாதிரி கத்தாதடா!" என்று மாமா திட்டினார். "சந்தோஷமா! புதுசா தெரிஞ்சுக்கிட்ட மாதிரி!"

"புதுசா தெரிஞ்சுக்கிட்டா எப்படி இருக்கும் மாமா?"

ஓர்மோன்பெக் யோசித்துப் பார்த்தார். "சரி, மறுபடி முதல்லேர்ந்து!" என்றார்.

நாலாவது ஒத்திகை முடிந்ததும் சிர்கா மேஜையருகில் வந்து நின்றாள். "எஜே, நேத்து வீட்ல மாதிரித் தாள் போட்டேன். மூணும் நாலும் எவ்வளவுன்னு வந்துச்சு. கை தானா ஏழுன்னு எழுதுது. கூட்டலுக்கில்ல, முக்கோணத்துக்கு."

"அடி பாவிப் பெண்ணே!"

"மடக்கை எப்ப எஜே?"

"எடுக்கிறேன். சத்தியமா எடுக்கிறேன்," என்றாள் துர்குனாய். சாயங்காலம் எடுக்கலாம் என்றால் அவகாசம் இல்லை. இது குட்டி ஈனும் காலம், ஏழு பிள்ளைகளும் மணி அடித்ததும் ஆட்டுப் பட்டிக்கு ஓட வேண்டும். ஆசிரியைக்கும் அதே வேலைதான். ராத்திரி படுத்தால் காலண்டர் கண் முன்னால் நின்றது.

ஐந்து ஒத்திகைகள் முடிந்தபோது மிச்சம் ஆறு.

திறந்த வகுப்பு அன்று ஊரே அதிகாரத்தின் கீழ் வந்தது. எங்கள் மின்மாற்றி பழையது. நாலு வீட்டில் ஒரே நேரத்தில் தண்ணீர் கொதித்தால் படுத்துவிடும். பத்து மணி முதல் பதினொன்று வரை யாரும் மின்கெட்டில் போடக்கூடாது என்று கிராமக் காரியாலயத்திலிருந்து வீடு வீடாகச் சொல்லி வந்தார்கள். காலை நேரத்தில் தேநீர் இல்லாமல் ஒரு கிர்கிஸ் கிராமம்! கிழவர்கள் பள்ளி வேலிக்கு வெளியே வந்து நின்று, என்னதான் நடக்கிறது என்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவினர் ஐந்து பேர் பின்பெஞ்சில் அமர்ந்தார்கள். கெரிம் ஜூசூபோவிச்சுக்கு மட்டும் முன்வரிசை ஓரத்தில், ஆற்றுப் பக்கமாக, மெத்தை போட்ட நாற்காலி. நாசிரா எஜே ஸ்டாப் வாட்சைக் கையில் எடுத்தார்.

போர்டில் முக்கோணம் சுழன்றது. பிள்ளைகள் எழுதிவைத்த கேள்விகளைத் திடீரெனத் தோன்றியவைபோலக் கேட்டார்கள். பதினெட்டாவது நிமிடம் சிர்கா "ஏழு" என்றாள். குழு மகிழ்ந்து தலையசைத்தது. துர்குனாய் அதுவரை ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி பேசியிருந்தாள். பாகஸ் வாயைத் திறந்து, காற்றை நிரப்பிக்கொண்டு, இருபத்து மூன்றாவது நிமிடத்துக்காகக் காத்திருந்தான்.

இருபத்தோராவது நிமிடத்தில் போர்டு அணைந்தது.

ஊரில் யாரும் விதியை மீறவில்லை. தலைமையாசிரியர் அறையில் குழுவுக்குத் தேநீர் வேண்டுமே என்று சமையல்காரம்மாள் மூன்று மின்கெட்டில்களை ஒன்றாகப் போட்டிருந்தாள். அதிகாரிகளின் தேநீரைப் பற்றி உத்தரவில் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

முக்கோணம் இல்லாமல் கண்டுபிடிக்கலாமா என்று பாகஸ் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார். சிர்கா கையைத் தூக்கினாள். அவளுக்கு எழுதித் தந்திருந்த வசனங்கள் எல்லாம் அப்போது முடிந்துபோயிருந்தன.

"எஜே, இனிமே அஞ்சு கிளாஸ்தான் இருக்கு. மடக்கைன்னா என்ன? எனக்கு நெஜமாவே தெரியாது."

துர்குனாய் நாசிரா எஜேயைப் பார்த்தாள். நாசிரா எஜே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்: இருபது விநாடி.

அப்புறம் நடந்ததைத் துர்குனாய் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒன்றரை மாதமாக உள்ளே புழுங்கியது அவள் கைகளைத் தானாக ஓட்டியது. விறுவிறுவென்று போய் ஜன்னல் கம்பியிலிருந்த கறுப்பு வெள்ளைக் கயிற்றை அவிழ்த்தாள். போர்டை ஒரு தள்ளு தள்ளினாள். அது சாய்ந்த தரையில் உருண்டு நேராகக் கெரிம் ஜூசூபோவிச்சின் முழங்காலுக்குப் போனது. அவர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். விட்டால் மேலே ஏறும், எழுந்தால் கவிழும். அரசாங்கச் சொத்து வேறு. பிடித்தபடியே உட்கார்ந்தார். பின்னால் கரும்பலகை வெளியே வந்தது. அதில் மார்ச் மாதம் எழுதிய தேதி இன்னும் இருந்தது. துர்குனாய் கோட்டுப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள்.

"பாகஸ்! உங்க மந்தை வருஷா வருஷம் ரெட்டிப்பாகுதுன்னு வை. இப்ப இருக்கிற மாதிரி எட்டு மடங்கு ஆக எத்தனை வருஷம்?"

"நேரம்!" என்றார் நாசிரா எஜே.

பாகஸ் வாயிலிருந்த காற்றை விட்டான். விரல்களை மடக்கினான். "ரெண்டு... நாலு... எட்டு. மூணு வருஷம் எஜே."

"அந்த மூணுதாண்டா மடக்கை! பெருகுனது எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். எத்தனை தடவ பெருகிச்சுன்னு கேக்குது, அவ்வளவுதான். இப்ப பதினாறு மடங்கு? சிர்கா, எழுது. முப்பத்திரண்டு? நீ சொல்லு."

"நேரம்! நேரம்!" நாசிரா எஜே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வாட்சை நிறுத்தினார். பத்து நிமிடத்துக்கு மேல் எழுத அவரிடமிருந்த படிவத்தில் கட்டமே இல்லை. மணி அடிக்கும்வரை துர்குனாய் பேசினாள், போர்டு அணைந்த பிறகு மட்டும் இருபத்து நாலு நிமிடம். கோட்டு முழுக்கச் சாக்பீஸ் தூள். கெரிம் ஜூசூபோவிச் அத்தனை நேரமும் போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மரியாதைக்காக ஆட்டுத் தலையை வைத்த விருந்தைக் குழு அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பியது. துர்குனாய்க்கு வேலை போயிற்று என்றே ஊரில் எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்று நாளில் உத்தரவு வந்தது. திறந்த வகுப்பு மிகச் சிறப்பாக நடந்ததாம். மாணவன் பாகஸின் கண்டுபிடிப்பு குழுவினரை நெகிழவைத்ததாம். ஆசிரியை துர்குனாய் மொத்தமே ஒன்பது நிமிடம் ஐம்பது விநாடி பேசியிருக்கிறாராம். ஆகவே திங்கட்கிழமை முதல் அவர் வட்டாரத் தலைமையிடத்தில், ஆசிரியர் மௌனத்துக்கான பயிற்றுநராகப் பதவி உயர்த்தப்படுகிறார். ஆக்-தோபோ பிள்ளைகளுக்கு அந்த வகுப்பின் ஒத்திகையில் எடுத்துவைத்த வீடியோப் பதிவை ஸ்மார்ட் போர்டில் தினமும் காட்டினால் போதும்.

துர்குனாய் பேருந்து பிடித்து நேராகக் கெரிம் ஜூசூபோவிச்சின் அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, இது பொய். நான் அதுக்கு மேல இன்னும் இருபத்து நாலு நிமிஷம் பேசினேன். நீங்க முழங்கால்ல போர்டை வச்சுக்கிட்டுப் பாத்தீங்களே!"

"மெதுவாம்மா, மெதுவா." அவர் கதவைச் சாத்தினார். "அறிக்கைய முந்தின நாளே அடிச்சு கையெழுத்துப் போட்டாச்சு. மலைப் பாதை, திரும்ப லேட்டாகும்னு. அது மேல போயிடுச்சு. மேல போனது நடந்ததுதான். கீழ நடந்தது..." கையை விரித்தார். "பதவி உயர்வும்மா! யாராச்சும் வேணாம்பாங்களா?"

"தேர்வுக்கு அஞ்சு வேளைதான் இருக்கு. எனக்குப் பதவி வேணாம். தண்டனை குடுங்க."

"என்னது?"

துர்குனாய் கைப்பையிலிருந்து அலுவலகத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். பயிற்சியன்று எல்லோருக்கும் கொடுத்தது. படித்தவள் அவள் ஒருத்திதான். "பத்து நிமிஷத்துக்கு மேல பேசுற ஆசிரியர்மேல விசாரணை உண்டுன்னு போட்டிருக்கு. இந்தாங்க, என் ஒப்புதல் வாக்குமூலம். எழுதிக் குடுத்தா நீங்க விசாரிச்சே ஆகணும்னும் போட்டிருக்கு."

கெரிம் ஜூசூபோவிச் அந்தப் பக்கத்தைப் புதிதாகப் பார்த்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் அவர்தான்.

விசாரணை ஆக்-தோபோவிலேயே நடந்தது. மற்ற பாடங்கள் கெடக்கூடாது என்பதால் கணக்கு வேளையில். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிகளோடு பேசக்கூடாது என்பது விதி. எனவே துர்குனாய் மூலையில் வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். மேலே போன அறிக்கையை மாற்ற வேண்டுமானால் ஆசிரியையின் வார்த்தை போதாது. பாடம் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். பாடம் நடந்திருந்தால் பிள்ளைகளுக்கு மடக்கை தெரிந்திருக்கும். ஆகவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. எஜேயை வேலையிலிருந்து தூக்கப் போகிறார்கள் என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

"அடிமானம் இரண்டு. எட்டின் மடக்கை என்ன?" என்றார் நாசிரா எஜே.

"தெரியாதுங்க," என்றது முதல் பிள்ளை. இரண்டாவதும் அதையே சொன்னது. முதல் நாள் அப்படியே கழிந்தது. இரண்டாம் நாள் சிர்காவின் முறை. அவள் நிமிர்ந்து நின்றாள். ஐந்து ஒத்திகைகளில் பழகிய குரலில், அச்சுப் பிசகாமல் சொன்னாள்:

"ஏழு."

துர்குனாய்க்கு எழுந்து அவள் தலையில் குட்ட வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அனுமதி இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. குற்றத்துக்கு ஆதாரமே இல்லை என்று கெரிம் ஜூசூபோவிச் சந்தோஷமாக எழுத ஆரம்பித்திருந்தார்.

மூன்றாம் நாள் கடைசியாகப் பாகஸ் வந்தான். மற்ற ஆறு பேரும் அவனை வெளியே நிறுத்தி, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவோம் என்று மிரட்டி அனுப்பியிருந்தார்கள்.

"எட்டின் மடக்கை?"

"தெரியாது."

"சரி, போ."

பாகஸ் போகவில்லை. "வேற ஏதாச்சும் கேளுங்களேன்."

"எதுக்குப்பா? சரி... அறுபத்து நாலு?"

பாகஸ் உதட்டைக் கடித்துக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது துர்குனாய்க்குத் தெரிந்தது. ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனது. திடீரென்று அவன் முகம் முழுக்க ஒரு வெளிச்சம் பரவியது.

"ஆறு! எட்டுக்கு மூணு... எட்டெட்டு அறுபத்து நாலு... மூணும் மூணும் ஆறு! கூட்டினா போதும்! பெருக்கவே வேணாம்! ஆஹா!"

ஓர்மோன்பெக் ஒன்றரை மாதமாகக் கேட்டுக் கிடைக்காத "ஆஹா" அதுதான். நாசிரா எஜே தன்னை அறியாமல் ஸ்டாப் வாட்சை அமுக்கிவிட்டார். கதவிடுக்கில் காது வைத்திருந்த ஆறு பேரும் "துரோகி! காட்டிக் குடுத்துட்டியேடா!" என்று அலறினார்கள். பாகஸ் அப்போதுதான் நிலைமை தெரிந்து விசும்ப ஆரம்பித்தான். "இத எஜே சொல்லித் தரல, நானேதான் இப்ப..." என்றான். யாரும் நம்பவில்லை.

"பாகஸுக்கே தெரிஞ்சிருக்குன்னா," என்றார் கெரிம் ஜூசூபோவிச் தளர்ந்த குரலில், "பாடம் நடந்திருக்கு."

தலைமையாசிரியராலும் அதை மறுக்க முடியவில்லை. மருமகனைப் பற்றி அவருக்குத் தெரியாததா? துர்குனாயின் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. தண்டனை உத்தரவு மறுநாளே வந்தது: பதவி உயர்வு ரத்து. ஸ்மார்ட் போர்டு பறிமுதல். ஓராண்டுக் காலம் இந்த ஆசிரியை எந்தப் பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் அழைக்கப்படமாட்டார். அவர் வகுப்பு நடக்கும்போது எந்த அதிகாரியும் குழுவும் உள்ளே நுழையக்கூடாது.

விசாரணை மூன்று வேளைகளைத் தின்றுவிட்டது. மிச்சம் இரண்டு.

அன்று காலையே போர்டை லாரியில் ஏற்றினார்கள். துர்குனாய் உத்தரவை இரண்டு தடவை படித்தாள். வகுப்புக் கதவின் வெளிப்பக்கத்தில் நாலு மூலையும் ஒட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எஜே, உங்களத் தூக்கலையா?" என்றாள் சிர்கா. கண்கள் வீங்கியிருந்தன.

"இல்லடி. நோட்ட எடு. பாகஸ், அழுததெல்லாம் போதும், எழுந்து வா. நேத்து அங்க கூட்டினா போதும்னு சொன்னியே, அது ஏன்னு இவங்களுக்குச் சொல்லு."

பாகஸ் சாக்பீஸை வாங்கினான். பத்து நிமிடம் போயிருக்கும், நடைக்கூடத்தில் அவசரமான காலடிச் சத்தம் கேட்டது. கூடவே தாள் படபடக்கும் சத்தமும். புதுச் சுற்றறிக்கை ஏதோ வந்திருக்க வேண்டும். காலடி கதவுக்கு வெளியே நின்றது. எட்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே ஓர்மோன்பெக் கதவில் ஒட்டியிருந்த உத்தரவை முணுமுணுத்துக்கொண்டே படிப்பது கேட்டது, ஒவ்வொரு வரியாக, கடைசி வரி வரைக்கும். பிறகு அவர் தொண்டையைச் செருமினார். காலடிகள் மெல்லத் திரும்பிப் போயின.

"ம், மேல சொல்லு," என்றாள் துர்குனாய்.